எழுதப்பட்டது என்றால் முடிந்துவிட்டது என்று பொருளா? காலமும் களா கத்ரும்

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, இங்கே பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் சகோதரர் ஒருவர் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார். "ஏனுங்க பாய், ஜக்கார்டு பெட்டியில அட்டையக் கோத்து மாட்டிட்டா, எங்க ஓட்டை இருக்குதோ அந்த நூலுதான் மேல வருது. ஊடை எத்தன தடவ ஓடினாலும் அட்டையில இல்லாத பூ துணியில விழாது. அல்லாஹ் நம்ம வாழ்க்கையையும் அப்படித்தானுங்களே எழுதி வெச்சிருக்கான்? அப்புறம் எதுக்குங்க மறுமையில கேள்வி கணக்கு?"

பக்கத்தில் இருந்தவர்கள் 'இதெல்லாம் கேட்கக் கூடாத கேள்வி' என்று அவரை அடக்கப் பார்த்தார்கள். கத்ர் விஷயத்தில் வீண் தர்க்கம் செய்த தோழர்களை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஹதீஸ் இருப்பது உண்மைதான். ஆனால் இதே கேள்வியை ஸஹாபாக்கள் நேராக நபியிடமே கேட்டிருக்கிறார்கள். எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்றால் அதையே நம்பிக்கொண்டு அமல் செய்வதை விட்டுவிடலாமா என்று கேட்டபோது, அமல் செய்யுங்கள், ஒவ்வொருவருக்கும் அவர் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது எளிதாக்கப்படும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). கேட்டவரை விரட்டவில்லை. எனவே நாமும் அந்தச் சகோதரரை விரட்ட வேண்டியதில்லை. அவர் சொன்ன ஜக்கார்டு உதாரணத்தைப் பிறகு பார்ப்போம்.

முதலில் சொற்கள். கத்ர் என்றால் அளவிடுதல், நிர்ணயித்தல். அந்த நிர்ணயம் செயலுக்கு வருவதை களா என்பது உலமாக்கள் பலரின் விளக்கம். இரண்டையும் தலைகீழாகச் சொன்னவர்களும் உண்டு. ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து கேட்ட புகழ்பெற்ற ஹதீஸில் ஈமானின் ஆறாவது கடமையாக இது வருகிறது: நன்மை தீமை எல்லாம் அல்லாஹ்வின் நிர்ணயப்படியே என்று நம்புவது. இதை அஹ்லுஸ் ஸுன்னா உலமாக்கள் நான்கு படிகளாக விளக்குவார்கள். எல்லாவற்றையும் அல்லாஹ் அறிந்திருக்கிறான். அறிந்ததை லவ்ஹுல் மஹ்ஃபூளில் எழுதியிருக்கிறான். அவன் நாடாமல் எதுவும் நடப்பதில்லை. நடக்கும் எல்லாவற்றையும் படைப்பவனும் அவனே. மரத்திலிருந்து விழும் ஓர் இலைகூட அவன் அறியாமல் விழுவதில்லை என்கிறது குர்ஆன் (6:59). பூமியிலோ உங்களிலோ நேரும் எந்தத் துன்பமும் அது உண்டாகும் முன்பே ஏட்டில் இருக்கிறது என்கிறது இன்னொரு வசனம் (57:22). வானங்களும் பூமியும் படைக்கப்படுவதற்கு ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே படைப்புகளின் விதி எழுதப்பட்டதாக முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'அப்படியானால் எதிர்காலம் ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்று. நமக்குத்தான் இன்னும் காட்டப்படவில்லை' என்று ஒருவர் முடிவெடுத்தால், அந்த முடிவில் ஒரு விஷயம் சோதிக்கப்படாமல் நுழைந்திருக்கிறது. அது காலத்தைப் பற்றிய ஒரு கற்பனை. காலம் ஒரு நீண்ட பாவு போல விரிந்து கிடக்கிறது, அல்லாஹ்வும் அதே பாவின் முனையில் நமக்கு முன்னால் நிற்கிறான் என்கிற கற்பனை.

அறிவதும் நடத்துவதும்

கி.பி. 632 ஜனவரி 27 அன்று மதீனாவில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. நபி (ஸல்) அவர்களின் சிறு மகன் இப்ராஹீம் (ரலி) இறந்த நாளும் அதுவே என்பது வரலாற்றாசிரியர்களிடம் பரவலாக உள்ள கணக்கு. நபியின் வீட்டுத் துக்கத்துக்காகச் சூரியனே இருண்டுவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். தன் பெருமையைக் கூட்டும் பேச்சு என்பதற்காக அதை அவர்கள் விட்டுவைக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அந்தப் பேச்சை அன்றே நிறுத்தினார்கள் (புகாரி, முஸ்லிம்).

இன்றைக்கு வானியலாளர்கள் நூறு வருடம் கழித்து வரும் கிரகணத்தையும் நிமிடக் கணக்கில் சொல்கிறார்கள். பிறைக் கணக்கும் அப்படியே. (கணக்கை ஏற்பதா, கண்ணால் பார்ப்பதா என்ற நம்மூர் சண்டைக்குள் இங்கே நுழையப் போவதில்லை, அதற்கு ஒவ்வொரு ரமளானும் இருக்கிறது.) பள்ளியில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையில் மஃக்ரிப் 6.32 என்று போட்டிருப்பதால் சூரியன் 6.32க்கு மறைவதில்லை. சூரியன் மறையப் போவதால் அட்டவணையில் அது இருக்கிறது. அறிவது ஒன்று, அறியப்பட்டதை நடத்துவது இன்னொன்று என்று புரியவைக்க இந்த உதாரணத்தை ஆலிம்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

ஆனால் உதாரணம் பாதி வழிதான் வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அட்டவணை தப்பாகலாம், அச்சகத்தில் எண் மாறலாம். அல்லாஹ்வின் அறிவு தப்பாகாது. நாளை நான் பொய் சொல்வேன் என்று அவன் அறிந்திருந்தால், நாளை நான் உண்மை பேச வழி உண்டா? அட்டவணை தயாரித்தவர் சூரியனைப் படைக்கவில்லை. அல்லாஹ்வோ அறிபவன் மட்டுமல்ல, படைப்பவனும்கூட. இங்கேதான் கேள்வி கூர்மையாகிறது. இதைச் சாதாரணமாகத் தாண்டிப்போகும் பயான்கள் கேட்பவரை அரைகுறையாக வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

காலமும் ஒரு படைப்பு

இஸ்லாத்துக்கு முந்திய அரபுகள் காலத்தை 'தஹ்ர்' என்றார்கள். வாழ்வதும் சாவதும் இந்த உலகில்தான், எங்களை அழிப்பது காலமே தவிர வேறில்லை என்று அவர்கள் சொன்னதாகக் குர்ஆன் எடுத்துக்காட்டி, அது அறிவில்லாத வெறும் ஊகம் என்கிறது (45:24). கஷ்டம் வந்தால் காலத்தைத் திட்டுவது அவர்கள் வழக்கம். நம்மிடமும் 'கெட்ட காலம்' என்ற பேச்சு இருக்கிறதே. ஒரு ஹதீஸ் குத்ஸியில் அல்லாஹ், ஆதமின் மகன் காலத்தை ஏசுகிறான், காலமோ நானே, இரவும் பகலும் என் கையில் புரள்கின்றன என்ற கருத்தில் சொல்கிறான் (புகாரி, முஸ்லிம்). காலம் அல்லாஹ்வின் பெயர்களில் ஒன்று என்று இதற்குப் பொருள் இல்லை. நீங்கள் எதைக் குற்றவாளியாக்கித் திட்டுகிறீர்களோ, அதற்கென்று தனி அதிகாரம் எதுவும் இல்லை என்பதே ஹதீஸ் விரிவுரையாளர்கள் தந்த விளக்கம்.

காலத்தின் அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதும் குர்ஆனில் திரும்பத் திரும்ப வருகிறது. அல்லாஹ்விடம் ஒரு நாள் நம் கணக்கில் ஆயிரம் ஆண்டு (22:47). இன்னோரிடத்தில் ஐம்பதாயிரம் (70:4). குகைவாசிகள் முந்நூறு ஆண்டும் மேலே ஒன்பதும் தங்கினார்கள். எழுந்தபோது ஒரு நாளோ அதில் கொஞ்சமோ என்று நினைத்தார்கள். நூறு வருடம் இறந்து கிடந்து எழுப்பப்பட்டவரின் (2:259) உணவு கெடாமல் இருந்தது, அவருடைய கழுதை எலும்பாகியிருந்தது. ஒரே இடம், ஒரே நூறு வருடம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இறப்பு கி.பி. 1111, தத்துவவாதிகளை மறுத்து எழுதிய தஹாஃபுத் நூலின் முதல் விவாதமே இதுதான். உலகத்தை அல்லாஹ் படைத்தான் என்றால் அதற்கு முன் எவ்வளவு காலம் சும்மா இருந்தான் என்று கேட்டவர்களுக்கு, காலமும் உலகத்தோடு சேர்ந்து படைக்கப்பட்டதுதான் என்றார். உலகத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று கற்பனை எப்படி ஓய்வில்லாமல் கேட்கிறதோ, அப்படித்தான் காலத்துக்கு முன்னால் என்ன என்றும் கேட்கிறது. கேள்வி கேட்க முடிகிறது என்பதாலேயே அதற்கு விடை இருந்தாக வேண்டியதில்லை.

இதை ஏற்றுக்கொண்டால் மேலே சொன்ன முடிச்சு கொஞ்சம் தளர்கிறது. 'அல்லாஹ் முன்கூட்டியே அறிந்தான்' என்பதில் 'முன்கூட்டியே' என்பது நம் பக்கத்துச் சொல். நமக்கு நேற்று, இன்று, நாளை என்று வரிசை உண்டு. காலத்தைப் படைத்தவனை அந்த வரிசையில் ஓரிடத்தில் நிறுத்த முடியாது. நாளை நான் செய்வதை அவன் அறிவது, எனக்கு முன்னால் ஓடிப்போய் வழியை அடைப்பது போன்றதல்ல. இதனால் முடிச்சு முழுதும் அவிழ்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவனுடைய அறிவு எப்படிப்பட்டது என்பது நமக்குக் காட்டப்படாத பகுதி.

நவீன அறிவியலும் காலத்தை ஒரே சீராக ஓடும் ஆறாகப் பார்ப்பதை விட்டுவிட்டது. நியூட்டனுக்குக் காலம் எங்கும் ஒன்றே. ஐன்ஸ்டைன் 1905இலும் 1915இலும் வெளியிட்ட சார்பியல் கோட்பாடுகளுக்குப் பிறகு, வேகத்துக்கும் ஈர்ப்புக்கும் ஏற்ப கடிகாரம் மாறும் என்றாகிவிட்டது. நம் கைப்பேசிக்கு இடம் காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம், பூமியில் உள்ளதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடுகிறது. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் அளவுக்கு இடம் பிசகும். ஈரோட்டில் நிற்பவரைக் காவிரியைத் தாண்டி எங்கேயோ காட்டும். இருவருக்கு 'இப்போது' என்பதே ஒன்றாக இராது என்பதால், கடந்தகாலமும் எதிர்காலமும் ஒன்றாகவே இருக்கின்றன என்று கருதும் இயற்பியலாளர்களும் தத்துவவாதிகளும் உண்டு. இன்னொரு பக்கம், எல்லா அணுக்களின் நிலையும் தெரிந்த ஒரு அறிவு எதிர்காலம் முழுவதையும் கணக்கிட்டுவிடும் என்று 1814இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் எழுதியதை, 1927இல் ஹைசன்பர்க் கண்ட நிச்சயமின்மைக் கோட்பாடு ஆட்டங்காண வைத்தது.

இதைப் படித்ததும் 'குர்ஆன் அன்றே சொன்ன சார்பியல்' என்று தலைப்பிட்டுப் பகிரும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிவியல் கோட்பாடு மாறும். நாளை அது மாறும்போது வசனத்தையும் மாற்றுவீர்களா? வசனம் சொல்வது அல்லாஹ்வின் ஆற்றலை. அறிவியலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: காலத்தைப் பற்றி நம் மனம் தரும் படம் நம்பத்தக்கதல்ல.

1929: சென்னையில் இக்பால்

இந்தப் பிரச்சினை தமிழ்நாட்டு மண்ணில் ஒருமுறை மிக உயர்ந்த தளத்தில் பேசப்பட்டது. அதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். தோல் வணிகரும் கொடையாளருமான ஜமால் முஹம்மது சாஹிபின் முயற்சியால் (திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது) சென்னையில் இஸ்லாமியச் சொற்பொழிவுத் தொடர் ஒன்று நடந்தது. 1925இல் மௌலானா சையித் சுலைமான் நத்வி வந்து நபி வரலாறு பற்றி எட்டு உரைகள் ஆற்றினார். உருதுவில் 'குத்பாத்தே மத்ராஸ்' என்று புகழ்பெற்ற நூல் அதுதான். 1927இல் குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த மர்மடியூக் பிக்தால் வந்தார். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார்.

சென்னையில் அவர் ஆற்றிய மூன்று ஆங்கில உரைகளும் பின்னர் ஹைதராபாத், அலிகர் உரைகளோடு சேர்ந்து 1930இல் லாகூரில் நூலானது. இஸ்லாத்தில் மதச் சிந்தனையின் புனரமைப்பு என்ற பெயரில் இன்று உலகெங்கும் படிக்கப்படும் நூலின் வேர் அங்கே இருக்கிறது. இரண்டாம் உரையிலும் மூன்றாம் உரையிலும் அவர் பெரும் பகுதியைச் செலவிட்டது காலத்தின் மீது. கேம்பிரிட்ஜில் தன் ஆசிரியராக இருந்த மெக்டகார்ட், காலம் என்று ஒன்று உண்மையில் இல்லை என்று 1908இல் வாதிட்டவர். அந்த வாதத்தையும், ஐன்ஸ்டைனின் காலத்தையும், பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்ஸனின் காலத்தையும், அஷ்அரிய்யாக்கள் காலத்தை இனிப் பிரிக்க முடியாத சிறு கணங்களாகக் கண்டதையும் அவர் ஒரே மேடையில் அலசினார்.

அவருடைய வாதத்தின் சாரம் இது. மணி பார்க்கும் காலம் வேறு, நாம் உள்ளே வாழும் காலம் வேறு. முதலாவது கோட்டில் வைத்த புள்ளிகள் போல எண்ணக்கூடியது. இரண்டாவதில் கடந்தது நம்மை விட்டுப் போவதில்லை, வருவது ஏற்கெனவே வரைந்த கோடாகக் காத்திருப்பதுமில்லை. தக்தீர் என்பதை வெளியிலிருந்து சாட்டையோடு நின்று வேலை வாங்கும் மேஸ்திரி போல நினைக்கக் கூடாது. ஒரு பொருளின் உள்ளே இருக்கும் சாத்தியங்கள், வெளிப்படுவதற்கு முன் உள்ள நிலைதான் அதன் தக்தீர். இதற்கு அவர் தந்த உதாரணம் ரசமானது: ஹுமாயூனும் ஈரானின் ஷா தஹ்மாஸ்பும் ஏன் ஒரே காலத்தவர்களாக இருந்தார்கள் என்று கேட்டால், காரண காரிய விளக்கம் எதுவும் தர முடியாது. அல்லாஹ்வின் அறிவை வெறும் கண்ணாடி போல, முடிந்த காட்சிகளைப் பிரதிபலிப்பதாக நினைத்தால், முன்னறிவைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அவனுடைய படைக்கும் சுதந்திரத்தை இழந்துவிடுவோம் என்பது அவர் எச்சரிக்கை. எனவே எதிர்காலம் இறைவனிடம் உண்டு, ஆனால் திறந்த சாத்தியமாக உண்டு, வரிசைப்படுத்தி முடித்த நிகழ்ச்சிப் பட்டியலாக அல்ல என்று முடித்தார்.

கடைசிப் படியில் இக்பால் எல்லை கடந்துவிட்டார் என்பது பல உலமாக்களின் கருத்து. இதை எழுதுபவனின் கருத்தும் அதுவே. ஓர் இலை விழுவது வரை ஏட்டில் உண்டு என்ற வசனத்தைத் 'திறந்த சாத்தியம்' என்ற சொல்லோடு பொருத்துவது கடினம். ஆனால் அவர் எதை எதிர்த்தாரோ அது உண்மையான நோய். அதே நூலின் நான்காம் உரையில், முஸ்லிம் உலகில் விதிவாதம் இவ்வளவு வேரூன்றியதற்கு அரசியலும் ஒரு காரணம் என்கிறார்.

அதற்கு வரலாறு இருக்கிறது. உமய்யாக்கள் காலத்தில் ஆட்சியாளர்கள் தங்கள் கொடுமையை அல்லாஹ்வின் கத்ர் என்று சொல்லிக்கொண்டார்கள். பஸராவின் மஅபத் அல் ஜுஹனி, மன்னர்கள் முஸ்லிம்களின் ரத்தத்தைச் சிந்திவிட்டு இறைவனின் விதி என்கிறார்களே என்று ஹஸன் பஸரி (ரஹ்) அவர்களிடம் முறையிட, அவர்கள் பொய்யர்கள் என்று பதில் வந்ததாக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மஅபத் கொல்லப்பட்டார். ஆனால் மறுக்கும் வேகத்தில் அவரும் அவர் வழிவந்தவர்களும் கத்ரையே மறுக்கும் இடத்துக்குப் போனார்கள். அவர்களுக்குக் கதரிய்யா என்று பெயர் வந்தது. எதிர்முனையில் ஜஹ்ம் பின் ஸஃப்வான், மனிதன் காற்றில் ஆடும் இலை போன்றவன், அவனுக்குச் செயலே இல்லை என்றார், அது ஜபரிய்யா. இப்னு உமர் (ரலி) போன்ற ஸஹாபாக்கள் கதரிய்யாக்களை வெளிப்படையாக மறுத்தார்கள். பிறகு பத்தாம் நூற்றாண்டில் இமாம் அஷ்அரியும் இமாம் மாதுரீதியும் நடுவழியை வகுத்தார்கள்: செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைத் தேர்ந்து சம்பாதிப்பவன் மனிதன். அஷ்அரி அதற்கு 'கஸ்ப்' என்று பெயர் வைத்தார். நம் பகுதியில் பெரும்பாலான ஹனஃபி மக்கள் பின்பற்றும் அகீதாவான மாதுரீதிய்யா, மனிதத் தேர்வுக்கு இன்னும் கொஞ்சம் இடம் தருகிறது.

நூல் உருண்டை

நம் மண்ணுக்கும் இதில் பழைய கதை உண்டு. புத்தர் காலத்தில் மக்கலி கோசாலர் என்பவர் நியதி என்ற கொள்கையைப் போதித்தார். முயற்சி என்பதே பயனற்றது. எறிந்த நூல் உருண்டை எவ்வளவு நூல் இருக்கிறதோ அவ்வளவு தூரம் உருண்டு அவிழ்ந்து நிற்பதுபோல, அறிஞனும் மூடனும் தத்தம் பிறவிச் சுற்றை முடித்தே தீர வேண்டும் என்பது பௌத்த நூல்கள் அவர் வாயில் வைக்கும் உவமை. அவருடைய ஆசீவக சமயம் வடக்கில் மறைந்த பிறகும் தமிழகத்தில் நீடித்தது. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளைச் சந்திக்கும் காதையில் ஆசீவகரும் இருக்கிறார் (வஞ்சி நம் காவிரிக் கரை கரூர்தான் என்பாரும் உண்டு). நீலகேசியில் ஆசீவகருக்கு மறுப்பாகத் தனிச் சருக்கமே உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆசீவகர் மீதான வரி குறிப்பிடப்படுவதை ஏ.எல். பாஷம் 1951இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்.

திருவள்ளுவரோ ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தைத் தந்து அதன் வலிமையை ஒப்புக்கொண்டார். 62ஆம் அதிகாரத்தில் முயற்சிக்கு ஊழையே பின்வாங்க வைக்கும் வலிமையைத் தந்தார். இரண்டையும் ஒரே மனிதர் எழுதியிருக்கிறார் என்பது தமிழர்களுக்கும் இந்தக் கேள்வி ஒரு பக்கமாக முடியவில்லை என்பதைக் காட்டுகிறது.

இன்று நம்மைச் சுற்றி இருப்பது அந்தத் தத்துவ ஆழம் இல்லை, அதன் சில்லறை வியாபாரம். வைத்தீஸ்வரன்கோயிலில் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு, உங்கள் பெயர் இந்த எழுத்தில் தொடங்குமா, தந்தை உயிரோடு இருக்கிறாரா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டுச் சுவடி எடுக்கிறார்கள். பதில்களைச் சொல்வது வந்தவரேதான் என்பதை அவர் கவனிப்பதில்லை. தினசரி காலண்டர் வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகுகாலம் என்கிறது. நமக்கோ அது குளித்து, அத்தர் பூசி, ஜும்ஆவுக்குக் கிளம்பும் நேரம்.

பிறரைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. கல்யாணத்துக்குத் தேதி வைக்க ஸஃபர் மாதம் பீடை என்று தள்ளிப்போடும் முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஒடுக்கத்துப் புதன் என்று ஸஃபரின் கடைசிப் புதனுக்குப் பயந்து, வசனங்களை மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிப்பார்கள். காணாமல் போன நகைக்குப் பால்கிதாபு பார்ப்பார்கள். ஸஃபர் மாதத்தில் அபசகுனம் இல்லை என்று நபி (ஸல்) தெளிவாகச் சொல்லியிருக்க (புகாரி), குறிகாரனிடம் போய்க் கேட்டவரின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்று எச்சரித்திருக்க (முஸ்லிம்), இது எப்படி நுழைந்தது? விதியை நம்புகிறவன் விதியைத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்க ஏன் ஆசைப்படுகிறான் என்பது எனக்கு எப்போதும் புரியாத ஒன்று. எட்டிப் பார்த்து மாற்ற முடியும் என்றால் அது விதி இல்லை. மாற்ற முடியாது என்றால் பார்த்து என்ன பயன்? மறுமை நாளின் நேரம், மழை, கருவறையில் உள்ளது, நாளை ஒருவர் சம்பாதிப்பது, சாகும் இடம் ஆகியவற்றின் அறிவைக் குர்ஆன் அல்லாஹ்வுக்கே உரியதாக்கியிருக்கிறது (31:34).

உமர் (ரலி) திரும்பிய பாதை

ஹிஜ்ரி 18 வாக்கில், கி.பி. 639இல், ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியது. வரலாற்றில் அதற்கு அம்வாஸ் கொள்ளைநோய் என்று பெயர். கலீஃபா உமர் (ரலி) படையோடு ஷாம் நோக்கிப் போய் ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது செய்தி வந்தது. முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார், கருத்து பிளந்தது. அன்ஸார்களிடம் கேட்டார், அங்கேயும் அப்படியே. குறைஷிகளின் மூத்தவர்களைக் கேட்டபோது அவர்கள் ஒரே குரலில் திரும்பச் சொன்னார்கள். திரும்புவதாக அறிவித்தார். ஷாமின் தளபதி அபூ உபைதா (ரலி), அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டார். சாதாரண ஆள் கேட்ட கேள்வி இல்லை. சொர்க்கம் என்று நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் ஒருவர் கேட்டது. உமர் (ரலி), ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொல்லி, ஓர் உதாரணமும் தந்தார். உம்மிடம் ஒட்டகங்கள் இருந்து, பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமையாகவும் மறு சரிவு வறண்டும் இருந்தால், எதில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதானே மேய்ப்பீர்? பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அங்கே இருந்தால் தப்பித்து வெளியேறாதீர்கள் என்று தாம் கேட்ட நபிமொழியைச் சொன்னார் (புகாரி). அபூ உபைதா (ரலி) அந்த நோயிலேயே இறந்தார்.

தொழுகைக்கு வந்த சகோதரரின் ஜக்கார்டு கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தெரியவில்லை. அவரிடம் சொன்னேன்: பாவு நூலிடம் யாரும் 'மேலே வருகிறாயா, கீழே இருக்கிறாயா' என்று கேட்பதில்லை. நீங்கள் காலையில் எழும்போது வேலைக்குப் போவதா படுப்பதா என்று உங்களுக்குள் ஒரு பேச்சு நடக்கிறதே, அது நூலுக்கு நடக்கிறதா? அறுந்த நூலை முடிவதும், தார் தீர்ந்ததும் மாற்றுவதும் விதிக்கு எதிரான வேலையா? மருந்து அல்லாஹ்வின் விதியைத் தடுக்குமா என்று கேட்கப்பட்டபோது, மருந்தும் அந்த விதியில் உள்ளதே என்ற பொருளில் நபி (ஸல்) பதிலளித்ததாகத் திர்மிதியில் உள்ளது. அட்டையில் உங்கள் கை அசைவும் சேர்ந்தே இருக்கிறது. கையை எடுத்துவிட்டுப் பூவை எதிர்பார்க்க முடியாது. துஆவும் அப்படித்தான். அல்லாஹ் நாடியதை அழிக்கிறான், நாடியதை நிலைநிறுத்துகிறான், மூல ஏடு அவனிடம் உள்ளது என்ற வசனத்துக்கு (13:39), மலக்குகளின் ஏடுகளில் மாற்றம் நடக்கும், மூல ஏட்டில் அந்த மாற்றமும் சேர்த்தே இருக்கும் என்று விளக்கம் தந்தவர்கள் உண்டு. உறவைப் பேணினால் ஆயுள் நீளும் என்ற ஹதீஸும் (புகாரி, முஸ்லிம்) அந்த வழியில்தான் விளங்குகிறது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்க பாய், இதையே முதலாளி சொன்னா?" என்றார்.

கேள்வியின் உண்மையான இடம் அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. 2025 ஜூலையில் எங்கள் பள்ளிபாளையம் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. கடன் நெருக்கடியில் இருந்த விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்கள் மூலம் சிறுநீரகம் விற்றதாகச் செய்தி வந்து, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. பிறகு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. அந்த நாட்களில் டீக்கடைப் பேச்சில் அதிகம் காதில் விழுந்த சொல், 'அவங்க தலையெழுத்து'. தலையில் எழுதியவன் அல்லாஹ் என்றால், வட்டிக்கு விட்டவனும், தரகுக் கமிஷன் வாங்கியவனும், கூலி கொடுக்காமல் இழுத்தடித்தவனும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். உமய்யாக்களின் வாதம் டீக்கடைக்கு வந்த கதை இது.

குர்ஆன் இந்த வாதத்தை வாசலிலேயே நிறுத்துகிறது. அல்லாஹ் நாடியிருந்தால் நாங்கள் இணைவைத்திருக்க மாட்டோம் என்று இணைவைப்பவர்கள் சொல்வதை எடுத்துக்காட்டி, இவர்களுக்கு முன்னிருந்தவர்களும் இப்படித்தான் பொய்ப்பித்தார்கள் என்கிறது (6:148). ஏழைக்கு உணவளியுங்கள் என்றால், அல்லாஹ் நாடினால் அவனே உணவளிப்பானே, நாங்கள் ஏன் தர வேண்டும் என்று கேட்டவர்களையும் காட்டுகிறது (36:47). எவ்வளவு பக்தியான வாக்கியம், எவ்வளவு கஞ்சத்தனம்!

ஆதம் (அலை), மூஸா (அலை) இருவரின் தர்க்கம் பற்றிய ஹதீஸ் இங்கே நினைவுக்கு வரும். எங்களைச் சொர்க்கத்திலிருந்து வெளியேற்றியவர் நீர்தானே என்று மூஸா கேட்க, நான் படைக்கப்படும் முன்பே எழுதப்பட்டதற்காகவா என்னைப் பழிக்கிறீர் என்று ஆதம் வென்றதாக வருகிறது (புகாரி, முஸ்லிம்). அப்படியானால் பாவத்துக்கு விதி சாக்காகுமா? இப்னு தைமிய்யா, இப்னுல் கய்யிம் போன்றோர் தந்த விளக்கம்: மூஸா பழித்தது வெளியேற்றம் என்ற துன்பத்துக்காக; பாவத்துக்கு ஆதம் ஏற்கெனவே தவ்பா செய்துவிட்டார். துன்பத்தைத் தாங்குவதற்கு விதியைச் சொல்லலாம், குற்றத்தை மறைப்பதற்குச் சொல்லக் கூடாது. குழந்தையை இழந்த தாய் விதி என்று சொல்லி ஆறுதல் பெறலாம். அந்தக் குழந்தை மூடப்படாத குழியில் விழுந்து இறந்திருந்தால், குழி தோண்டியவர் அதே சொல்லைச் சொல்ல உரிமை இல்லை. வாய் எது என்பதைப் பொறுத்து அதே வார்த்தை ஈமானாகவும் இருக்கும், ஏமாற்றாகவும் இருக்கும்.

கடைசியாக இஸ்திகாரா. முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு நபி (ஸல்) கற்றுத்தந்த இரண்டு ரக்அத் தொழுகையும் துஆவும் அது. இதைப் பலர் கனவில் பச்சை, வெள்ளை தெரிந்தால் நல்லது, கறுப்பு, சிவப்பு தெரிந்தால் கெட்டது என்று இன்னொரு ஜோசியமாக்கிவிட்டார்கள். சிலர் தங்களுக்காக வேறொருவரைத் தொழவைத்துக் 'கேட்டுச் சொல்ல'ச் சொல்கிறார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் (புகாரி) கனவும் இல்லை, நிறமும் இல்லை. நீ அறிவாய், நான் அறியேன். நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் என்னை விட்டு அதைத் திருப்பு என்று கேட்பது மட்டுமே இருக்கிறது. கேட்டுவிட்டு, விசாரிக்க வேண்டியவர்களிடம் விசாரித்து, மனம் போகும் வழியில் காலெடுத்து வைக்க வேண்டும். அந்தச் சகோதரர் தறிக் கடனை அடைக்கச் சங்கத்தில் பேசுவதா, ஊரை விட்டே போவதா என்று அன்று யோசித்துக்கொண்டிருந்தார். தொழுதுவிட்டு மறுநாள் சங்கத்துக்குப் போனார்.